அப்பாவோட துவக்க (துப்பாக்கிய) என் பேருக்கு மாத்த 14 மாசம்: பயிர் பாதுகாப்பு லைசன்ஸ் சேவை பத்தி என்னோட ரிவியூ

எல்லாரும் போனுக்கு, ஹோட்டலுக்கு, உர பிராண்டுக்கெல்லாம் ரிவியூ போடுறாங்க, நான் இன்னைக்கு ஒரு அரச சேவைக்கு போடுறேன். பயிர் பாதுகாப்புக்கு குடுக்கிற துவக்கு லைசன்ஸ். இலங்கை மலையகத்துல மரக்கறி செய்யிற எங்க ஆளுங்களுக்கு உரம், மருந்துக்கு அடுத்தபடியா தேவப்படுற விசயம் இது, ஆனா தமிழ்ல இத பத்தி விளக்கமா யாரும் எழுதினத நான் பாக்கல, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன். எந்த கச்சேரி (மாவட்டச் செயலகம்), எந்த பொலிஸ்னு பேர் சொல்ல மாட்டேன். 5 ஸ்டாருக்கு 2 ஸ்டார் குடுக்கிறேன், அந்த ரெண்டும் ரெண்டு மனுசங்களுக்கு, சட்டத்துக்கு இல்ல.

எங்க அப்பா தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவரு. ரிட்டயர் ஆகி வந்த ஈபிஎஃப் காசுல தோட்ட எல்லைக்கு அங்கிட்டு ஒரு ஏக்கர் உறுதிக் காணி (சொந்தப் பத்திரம் உள்ள நெலம்) வாங்கினாரு, நாலு தலைமுறையில எங்க குடும்பத்துக்கு சொந்தம்னு வந்த மொத நெலம் அதுதான். கெரட், லீக்ஸ், போஞ்சி, கிழங்குனு மாத்தி மாத்தி போடுவோம். 2012ல பன்னெண்டு போர் ஒத்தக் குழல் துவக்கு ஒன்னு லைசன்ஸோட எடுத்தாரு. அத வச்சு அவரு மிருகத்த கொன்னத விட வானத்த பாத்து சுட்டதுதான் அதிகம். ராத்திரி ரெண்டு வெடி போட்டா பன்னிக் கூட்டம் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கமே வராது.

2023ல அப்பா தவறிட்டாரு. கருமாதி முடிஞ்ச கையோட துவக்க நானே கொண்டு போய் பொலிஸ்ல ஒப்படச்சு துண்டு வாங்கிட்டு வந்தேன், லைசன்ஸ் அப்பா பேருல இருந்தது, அவரு இல்லாம அத வீட்ல வச்சிருந்தா அது கள்ளத் துவக்குதான். அது சரியான சட்டம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. அதுக்குப் பிறகு நடந்ததுதான் இந்த ரிவியூ.

மொத தடவ கச்சேரிக்கு போனப்ப கவுண்டர்ல இருந்த பாரம் சிங்களத்துல மட்டும். தமிழ் பாரம் கேட்டேன், முடிஞ்சிருச்சு மல்லி (சிங்களத்துல தம்பி), அடுத்த கிழம வாங்கனு சொன்னாங்க. அடுத்த கிழமயும் இல்ல. தமிழும் அரச கரும மொழினு 13வது திருத்தத்துல எழுதி வச்சது 1987ல, நான் அப்ப பொறக்கவே இல்ல. மூணாவது தடவ ஒரு சின்ன வயசு மிஸ் நான் சொன்னத கேட்டுட்டு உள்ள போய் பத்து நிமிசம் தேடி, அலமாரிக்கு அடியில இருந்து ஒரு கட்டு தமிழ் பாரம் எடுத்துட்டு வந்து, தூசிய முந்தானையால தொடச்சு குடுத்தாங்க. மொத ஸ்டார் அவங்களுக்கு.

பாரத்தோட என்கிட்ட கேட்டது இவ்வளவும்: அப்பாவோட மரண சர்ட்டிபிகேட், அம்மாவும் ரெண்டு தங்கச்சியும் ஆட்சேபன இல்லனு கையெழுத்து வச்ச கடிதம், காணி உறுதி கொப்பி, ஜீ.எஸ் (கிராம சேவகர்) கடிதம், கமநல சேவையில (விவசாயிகளுக்கான அரச அலுவலகம்) பயிர்ச் சேத கடிதம், பொலிஸ் ரிப்போட். ஒவ்வொன்னும் ஒவ்வொரு எடத்துல, ஒரு எடத்துல கையெழுத்து வைக்கிறவரு லீவுனா மத்த எல்லாமே தள்ளிப் போகுது. பஸ்ல போக ரெண்டு மணித்தியாலம், வர ரெண்டு மணித்தியாலம், மொத்தம் 9 தடவ, 14 மாசம். ஒவ்வொரு தடவயும் ஒரு நாள் கூலி போச்சு. ஒரு கடிதத்துல என் பேர்ல ஒரு எழுத்து பிழையா விழுந்திருச்சு, அத திருத்த மட்டும் ஒன்றரை மாசம்.

அந்த 14 மாசத்துல காணியில என்ன நடந்ததுனு சொல்லணும். கிழங்கு போட்டு 60 நாள் இருக்கும், காலையில அஞ்சரைக்கு பனியோட போனேன். வேலியில ஒரு எடத்துல தகரம் மடிஞ்சு கெடக்கு. உள்ள போனா ஆளு வச்சு கொத்தினாப்ல 11 பாத்தி பெரண்டு கெடக்கு, கறுப்பு மண்ணு மேல வந்து ஈரமா ஆவி பறக்குது, கொட்டப்பாக்கு அளவு பிஞ்சுக் கிழங்கெல்லாம் பாதி கடிச்சபடி எறஞ்சு கெடக்கு. பன்னி பசிக்கு தின்னுட்டு போனா கூட மனசு ஆறும், அது தின்னது கொஞ்சம், ஒழப்பினதுதான் மிச்சம். அம்மா அந்தப் பாத்தி மேட்டுல உக்காந்து ஒரு வார்த்த பேசல, கையில நாலு பிஞ்ச எடுத்து மண்ண தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. பகல்ல குரங்கு. கெரட்ட இழுத்து நுனிய ஒரு கடி கடிச்சுட்டு எறிஞ்சிட்டு அடுத்தத இழுக்கும், அத பாத்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

2025 மார்ச் 15ம் திகதி காலையில 8 மணியில இருந்து 8.05 வரைக்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாத்தையும் எண்ணச் சொல்லி நாடு முழுக்க கணக்கெடுப்பு வச்சாங்க இல்லையா, நானும் காணியில நின்னு எண்ணினேன், 14 குரங்கு எழுதி குடுத்தேன். பிரச்சன இருக்குனு அரசாங்கத்துக்கும் தெரியும். தெரிஞ்சும் அந்த பிரச்சனைக்கு முகம் குடுக்கிறவன் கையில ஒரு ஒத்தக் குழல் துவக்கு குடுக்க இவ்வளவு யோசிக்கிறதுதான் எனக்கு வெளங்கல.

ரெண்டாவது ஸ்டார் கமநல சேவை உத்தியோகத்தருக்கு. சேதக் கடிதம் கேட்டு போனப்ப அவரு மேசையில இருந்தே எழுதி குடுத்திருக்கலாம், அப்படி குடுக்கல. அடுத்த நாள் மழையில பைக்க கீழ ரோட்டுல விட்டுட்டு ஏறி வந்து, பன்னிக் காலடிய போன்ல படம் புடிச்சு, பாத்திய எண்ணி எழுதிட்டு போனாரு. 9 பயணத்துலயும் என் நெலத்த கண்ணால பாத்த ஒரே அரச ஆளு அவருதான், மத்த எல்லாரும் பாத்தது பேப்பர.

கடைசியா லைசன்ஸ் கெடச்சு பொலிஸ்ல துவக்க எடுக்கப் போனேன். கட்டையில அப்பா பேர் எழுதின மட்ட ஒன்னு சணல்ல கட்டி தொங்குது, மை மங்கி அப்பா பேர்ல பாதிதான் தெரியுது. குழல மடிச்சு வெளிச்சத்துக்கு புடிச்சா உள்ள செவப்பா துரு, வாய்ப் பக்கம் சிலந்திக் கூடு. அப்பா மாசத்துக்கு ஒருக்கா பழைய சாரத்துணிய கிழிச்சு கம்பியில சுத்தி எண்ண போட்டு தொடப்பாரு, ஒரு புள்ளி துரு இருக்க விட மாட்டாரு. அந்த மட்டய நான் இன்னும் கழட்டல.

லைசன்ஸ் கெடச்சது 2024 மே மாசம், அது முடியிறது அந்த வருசம் டிசம்பர் 31. அதாவது 14 மாசம் அலஞ்சதுக்கு எட்டு மாசம் கூட இல்ல, ஒக்டோபர்ல திரும்ப புதுப்பிக்க வரிசை. வருசா வருசம் இதேதான். சாதாரண வாகனம் ஓட்டுற லைசன்ஸ் எட்டு வருசத்துக்கு குடுக்கிறாங்க, விவசாயி துவக்குக்கு மூணு வருசமாவது குடுத்தா என்ன கொறஞ்சு போகுது.

இது வரைக்கும் சொன்னது உறுதி இருக்கிறவன் கத. உறுதியே இல்லாதவங்கதான் எங்க பக்கம் அதிகம். எங்க காணிக்கு மேல லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்ல) ஒரு மாமா இருக்காரு, லயத்துக்கு பின்னால 20 வருசமா போஞ்சியும் கோவாவும் போடுறாரு. நெலம் அரசாங்கத்தோடது, 1992க்குப் பிறகு தோட்டக் கம்பெனி கையில. அவரு லைசன்ஸ் கேட்டு போனப்ப கேட்ட மொத கேள்வியே காணி உறுதி இருக்கானு. அதோட முடிஞ்சிருச்சு. 1948ல குடியுரிமைய பறிச்சு, அத முழுசா திருப்பிக் குடுக்கவே 2003 ஆச்சு, வீடு கட்ட 7 பேர்ச் துண்டு நெலத்துக்கே இன்னும் போராடுற எங்க மலையக சனத்துக்கிட்ட உறுதி கொண்டு வானு கேட்டா எங்க போவாங்க? பன்னி உறுதிக் காணி எது, கம்பெனிக் காணி எதுனு பாத்தா வருது?

போன வருசம் மாமா கொல்லையில வேலியோரமா கம்பிச் சுருக்கு ஒன்ன பாத்தேன், பைக் கிளச் வயர்ல செஞ்சது. ஏன் மாமா இப்படினு கேட்டேன். "ராவுல டின்ன தட்டித் தட்டி கை விட்டுப் போச்சு தம்பி, எனக்கு துவக்கு குடுக்க மாட்டாங்க, நான் வேற என்ன செய்ய"னு கண் கலங்கிட்டாரு. ரெண்டு பேரும் சேந்து அத கழட்டினோம். 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் லக்சபான தோட்டத்துல ஒரு கருஞ்சிறுத்த சுருக்குல மாட்டி, சிகிச்சைக்கு கொண்டு போன உடவளவையில மூணு நாள்ல செத்துப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாட்டுறது எதுனு கம்பிக்கு தெரியாது, துவக்கு வச்சிருக்கிறவனுக்கு தெரியும். சட்டத்த இறுக்கி நெருக்கினா சனம் கம்பிக்கும் ஹக்க பட்டாஸுக்கும் (தீனிக்குள்ள மறச்சு வைக்கிற வெடி) கட்டுத் துவக்குக்கும்தான் (கால் பட்டா தானா வெடிக்கிறது) போகுது, அதுல சிறுத்தயும் சாகுது, விறகு பொறுக்கப் போற மனுசனுக்கும் காலு போகுது.

நம்ம துவக்குச் சட்டம் 1916ம் ஆண்டு 33ம் இலக்கம், வெள்ளக்காரன் காலத்துது. அந்த நேரம் துவக்கு தொரைமார் பங்களா சுவத்துல தொங்கினது, லயத்துல இருந்தவனுக்கு ஒரு கத்திதான். இன்னைக்கும் மலையில அந்த வித்தியாசம் அப்படியே இருக்குனு சொன்னா யாராவது மறுப்பீங்களா?

அமெரிக்காவுல சனம் துவக்குச் சட்டங்களுக்கு எப்படி எதிர்ப்பு காட்டுதுனு கொஞ்சம் படிச்சேன். 2020 ஜனவரி 20ம் திகதி வர்ஜீனியா மாநிலத்துல புது துவக்குச் சட்டங்களுக்கு எதிரா ரிச்மண்ட் நகரத்துல ஏறத்தாழ 22,000 பேர் கூடினாங்க, நெறைய பேர் துவக்கோடயே வந்தும் ஒரு வெடி வெடிக்காம கலஞ்சு போனாங்க. நியூயோர்க்ல கைத்துப்பாக்கிய வெளிய கொண்டு போகணும்னா உனக்கு விசேட காரணம் இருக்குனு நிரூபிக்கணும்னு நூறு வருசத்துக்கு மேல சட்டம் இருந்தது, 2022 ஜூன்ல அவங்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3னு அத தள்ளிருச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாலதான் டெக்சாஸ் மாநிலம் உவால்டேல ஒரு ஸ்கூலுக்குள்ள 19 புள்ளைங்களையும் 2 டீச்சர்மாரையும் ஒருத்தன் சுட்டுக் கொன்னான். அதனால அந்த நாட்டு சட்டத்த இங்க கொண்டு வாங்கனு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். அவங்களுக்கு அது 1791ல இருந்து அரசியலமைப்புல எழுதின உரிம, நமக்கு அப்படி இல்ல. ஆனா உன் தேவைய நிரூபினு சொல்லிட்டு, நிரூபிக்க வழியே இல்லாத எடத்துல ஒருத்தன நிறுத்துறது அநியாயம்னு அந்த நியூயோர்க் வழக்குல சொன்னாங்க பாருங்க, அந்த எடம் எனக்கு நல்லா வெளங்குது.

பாதுகாப்பு பிரச்சனனு சொல்லுவாங்க. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்ப நாங்க மறக்கல. 1971ல கிளர்ச்சிக்காரங்க வீடு வீடா துவக்கு பறிச்ச கதய தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன், எங்க அம்மாவே துவக்கு வீட்டுக்கு திரும்ப வந்த அன்னைக்கு பயந்துதான் இருந்தாங்க. பயம் நியாயம். ஆனா 2025 பெப்ரவரி 19ம் திகதி கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள்ள சட்டப் புத்தகத்த வெட்டி அதுக்குள்ள ரிவோல்வர வச்சு கொண்டு வந்து சுட்டாங்களே, அது கிழங்குக்கு காவல் இருக்கிறவன் துவக்கா? 2024 நவம்பர் 7க்கு முன்னால தற்பாதுகாப்பு துவக்கெல்லாம் ஒப்படைங்கனு பாதுகாப்பு அமைச்சு சொன்னப்ப கொண்டு போய் குடுத்தது யாரு, பதிவு வச்சிருக்கிறவன்தான். கள்ளத் துவக்கு வச்சிருக்கிறவனுக்கு அந்த அறிவித்தல் ஒரு செய்தி மட்டும்தான்.

நான் கேக்கிறது ரொம்ப இல்ல. பதிவு இருக்கட்டும், பொலிஸ் வந்து வீட்ல பூட்டு போட்டு வச்சிருக்கனானு பாக்கட்டும், குடிச்சுட்டு அடிபுடிக்கு போறவனுக்கு குடுக்காதீங்க. ஆனா காணிப் பேப்பர பாக்கிறதுக்கு பதிலா காணிய பாருங்க. அந்த கமநல உத்தியோகத்தர் மாதிரி ஒருத்தர் ஏறி வந்து பாத்து எழுதினா உறுதி இல்லாதவனுக்கும் லைசன்ஸ் குடுக்கலாம், இல்லனா லயத்துக்கு ஒரு துவக்குனு பொறுப்பான ஒருத்தர் பேருலயாவது குடுக்கலாம்.

லைசன்ஸ் இருக்கிறவங்க கவனிங்க, புதுப்பிக்கிறது ஒக்டோபர் 1ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும், கடைசி வாரத்துக்கு விடாதீங்க, லீவு நாள் நெறைய வரும், கூட்டமும் கூடும். குடும்பத்துல யாராவது தவறி துவக்கு மாத்தணும்னா மொத நாளே எல்லா கடிதத்துலயும் பேரு அடையாள அட்டையில இருக்கிற மாதிரியே இருக்கானு ஒவ்வொரு எழுத்தா பாருங்க, பொலிஸ்ல குடுக்கும்போது துவக்கோட நெலமைய போன்ல படம் புடிச்சு வச்சுக்கங்க, நான் அத செய்யல.

மாமாவுக்கு அடுத்த மாசம் திரும்ப விண்ணப்பம் போடுறோம், இந்த முறை உறுதிக்கு பதிலா தோட்டத்துல ஒரு கடிதமும் கமநல சேவை ரிப்போட்டும் வச்சு. தமிழ் பாரம் ஒரு பத்து கொப்பி அடிச்சு வீட்ல வச்சிருக்கேன், எங்க பக்கம் தேவப்படுறவங்க வந்து வாங்கிக்கங்க, நிரப்பத் தெரியலனா நானே நிரப்பி தாரேன்.