மிச்சக் கறிக்கு எந்த டப்பா? எவர்சில்வர், கண்ணாடி, பார்சல் டப்பா, ஜிப் கவர்: ஒரு மதிப்பீடு

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி எடுத்தால், திங்கள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு மிஞ்சாத வீடு வடசென்னையின் ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ குறைவு. பக்ரீத் வந்துவிட்டால் மண்ணடி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஃப்ரீசர் கதவை மூட முடியாது. இந்த மிச்சத்தை எதில் போட்டு வைப்பது என்று கேட்டால் கடைக்காரர் விலையில் ஆரம்பிப்பார், வீட்டில் இருப்பவர் அளவில் ஆரம்பிப்பார். இரண்டையும் விட முக்கியமானது டப்பாவின் ஆழம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃப்ரிட்ஜுக்கு, அகலமாகவும் தட்டையாகவும் உள்ள, நான்கு பக்கமும் கிளிப் வைத்த எவர்சில்வர் டப்பா. ஃப்ரீசருக்கு, கெட்டியான ஜிப் கவர். மைக்ரோவேவ் இருக்கும் வீட்டுக்கு, சூட்டைத் தாங்கும் ரகமான போரோசிலிகேட் கண்ணாடி. ஓட்டல் பார்சல் டப்பா எதற்கும் வேண்டாம். இவற்றோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று. டப்பா வாங்க வைத்திருக்கும் காசில் ஒரு டப்பாவைக் குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள்.

ஆழம் ஏன் அவ்வளவு முக்கியம்? கொதிக்க வைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்பது பாதிதான் உண்மை. கறியில் சாதாரணமாக இருக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கி நிற்கும். குழம்பு மெல்ல ஆறி 50 டிகிரிக்குக் கீழே வரும்போது அவை முளைக்கும். 43 முதல் 47 டிகிரி வரை அவற்றுக்குக் கொண்டாட்டம், ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். காற்றில்லாத இடம்தான் அவற்றுக்குப் பிடிக்கும். அதாவது, ஆழமான பாத்திரத்தின் அடியில், கறித் துண்டுகள் கிடக்கும் இடம். மேலே உறைந்து நிற்கும் கொழுப்புப் படலம் குழம்பைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வெளியே வைத்த பாத்திரத்தில் அந்தப் படலம் அடியில் இருக்கும் கிருமிக்குத்தான் மூடி போடுகிறது.

சமைத்த கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது பொதுவான கணக்கு. நமக்கு ஆண்டில் பல மாதம் இந்த ஒரு மணி நேரக் கணக்குதான். அமெரிக்க உணவு விதிகள் ஓட்டல்களுக்கு இன்னொரு கணக்கு வைத்திருக்கின்றன: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். சித்திரை வைகாசியில் ஓட்டுக் கூரைக்கோ மொட்டைமாடித் தளத்துக்கோ கீழே இருக்கும் சமையலறையில் காற்றே 33, 34 டிகிரி. அங்கே குழம்பை விடிய விடிய வைத்தாலும் 21-க்கு வராது. 'ஆறட்டும், அப்புறம் உள்ளே வைக்கலாம்' என்பது இங்கே வேலைக்கு ஆகாத பேச்சு. நாமாகத்தான் ஆற வைக்க வேண்டும்.

எவர்சில்வர் டப்பா முதலிடம் பிடிப்பது இந்த இடத்தில்தான். எவர்சில்வர் சூட்டைக் கடத்தும் வேகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு, பிளாஸ்டிக்கைவிட இன்னும் பல மடங்கு. 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள டப்பாவில் 4 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினால் 1.2 லிட்டர் பிடிக்கும். ஒரு கிலோ கறிக் குழம்பில் பாதி மிஞ்சினால் இது போதும். 5 செ.மீ. உயரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதியை இன்னொரு டப்பாவில் பிரித்துவிடுங்கள்.

ஆற வைக்கும் விதம் இது. அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்து, இரண்டு தட்டு ஐஸ் கட்டியைக் கொட்டுங்கள். கோடையில் மேல்தொட்டித் தண்ணீரே சுடும், ஆகவே ஐஸ் இல்லாமல் நடக்காது. டப்பாவுக்குள் குழம்பு எந்த உயரம் நிற்கிறதோ, வெளியே தண்ணீரும் அந்த உயரம் நிற்க வேண்டும். மூடி போடாமல், கழுவித் துடைத்த கரண்டியால் இடையிடையே கிளறிவிடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பானால் ஒரு தடவை மாற்றுங்கள். டப்பாவின் அடியைக் கையால் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், அப்போது துடைத்து, மூடி, உள்ளே வைத்துவிடலாம். பெரிய அளவில் சமைக்கும் வீடுகளில் காசிமேட்டு மீன் ஐஸை வாங்கிப் பாத்திரத்தைச் சுற்றிக் கொட்டுகிறார்கள். பாத்திரத்துக்கு வெளியே கொட்டுவதில் தப்பில்லை. குழம்புக்குள் ஒரு துளி தெறித்தாலும் வம்பு, அது சாப்பிடுவதற்கான தண்ணீரில் உறைய வைத்தது அல்ல.

சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்று சொல்வார்கள். 4 செ.மீ. உயரத்தில் வெதுவெதுப்பான ஒரு டப்பா எந்த ஃப்ரிட்ஜையும் கெடுக்காது. முழு குண்டானைக் கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் ஆபத்து. குழம்பும் ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும்.

வாங்கும்போது 304 அல்லது 18/8 என்று அடியில் பொறித்திருக்கிறதா பாருங்கள். இந்த ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். உப்பும் தக்காளியும் சேர்ந்த குழம்பை நாள்கணக்கில் வைத்தால் அதில் புள்ளி புள்ளியாகக் கறை விழ வாய்ப்பு அதிகம். காந்தம் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்பார் கடைக்காரர். இரண்டு ரகத்திலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் இந்த வித்தியாசம் தெரியாது. குறை என்று சொன்னால், இந்த டப்பாவை மைக்ரோவேவில் வைக்க முடியாது. தகடு மெல்லிசு என்பதால் அடுப்பில் நேராக வைத்தாலும் அடிபிடிக்கும், வாணலிக்கு மாற்றித்தான் சுட வைக்க வேண்டும்.

பழைய வட்டச் சம்படம், தூக்குவாளி, டிஃபன் அடுக்கு எல்லாமே எவர்சில்வர்தான். ஆனால் 10, 12 செ.மீ. ஆழம். நடுவில் இருக்கும் குழம்பு ஆற நேரம் பிடிக்கும். அரைவாசிக்குக் கீழே ஊற்றுவதானால் சரி. பாத்திரத்தின் மேல் சில்வர் பேப்பர், அதாவது அலுமினியத் தாள், போட்டு மூடும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: மறுநாள் குழம்பு பட்ட இடத்தில் பேப்பர் பொட்டுப் பொட்டாக ஓட்டையாகி இருக்கும். எவர்சில்வர், அலுமினியம், உப்புப் புளி மூன்றும் தொட்டுக்கொண்டால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். கரைந்த அலுமினியம் குழம்பில்தான் விழுகிறது.

கண்ணாடி டப்பாவில் மசாலா வாடை நிற்காது, மஞ்சள் பிடிக்காது, உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று திறக்காமலே தெரியும். மூடியைக் கழற்றிவிட்டு மைக்ரோவேவில் வைக்கலாம். அடியில் போரோசிலிகேட் என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். சாதாரண கண்ணாடியில் செய்தவையும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சுடுதண்ணீரில் வைத்தால் 'பட்' என்று விட்டுவிடும். போரோசிலிகேட்டையும் ஃப்ரீசரிலிருந்து நேராக அடுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. எடை அதிகம், மெல்லத்தான் ஆறும், அதனால் குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் ஆற வைத்துவிட்டு இதில் மாற்றுவது நல்லது. கிளிப் மூடி உடைந்துவிட்டால் தனி மூடி கிடைப்பது கஷ்டம்.

கறுப்புப் பார்சல் டப்பாவைக் கழுவி அடுக்கி வைக்காத வீடு இல்லை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், சூட்டைத் தாங்கும். குளிரைத் தாங்காது. ஃப்ரீசர் குளிரில் மொறுமொறுவென்று ஆகி, கீழே விழுந்தால் சில்லு சில்லாக உடையும். மூடி சரியாக இறுகாது. இரண்டு தடவை தேய்த்தால் உள்ளே கீறல் விழும், எண்ணெய் அந்தக் கீறலில் தங்கும், சோப்பு அங்கே எட்டாது. சால்னாவைச் சுடச்சுட பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தூக்குவாளி எடுத்துப் போங்கள்.

பார்சல் பிரியாணியில் இன்னொரு கணக்கு உண்டு. மாட்டுக்கறி பிரியாணியோ ஆட்டுக்கறி பிரியாணியோ, அண்டாவில் தம்மில் 60 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை பயமில்லை. டப்பாவில் அள்ளிய நிமிடத்திலிருந்து நேரம் ஓட ஆரம்பிக்கிறது, வீட்டுக்கு வந்ததிலிருந்து அல்ல. மதியம் ஒரு மணிக்கு வாங்கி, சாயங்காலம் வரை மேசையில் கிடந்ததை ஃப்ரிட்ஜில் வைத்துப் பயனில்லை. சோற்றில் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமி விடும் விஷம் திரும்பச் சுட வைத்தாலும் அழியாது. மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிட உட்காரும் முன்பே பாதியைத் தட்டில் பரப்பி ஆற்றி, தட்டையான டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாளுக்கு மேல் பிரியாணியை வைக்க வேண்டாம்.

ஜிப் கவரின் பலம் அதன் தட்டைத்தன்மை. ஆறிய குழம்பை அரை லிட்டர் ஊற்றி, முக்கால் வாசி மூடி, திறந்த வாயை மேலே பிடித்தபடி தண்ணீர் வாளிக்குள் மெல்ல இறக்குங்கள். தண்ணீரின் அழுத்தம் காற்றைத் தானாக வெளியேற்றும். வாய் நனையும் முன் மூடிவிடுங்கள். பிறகு எவர்சில்வர் தட்டில் படுக்க வைத்து, இரண்டு செ.மீ. கனத்தில் உறைய விடுங்கள். காற்று தங்கினால் கறியின் மேல் வெள்ளை வெள்ளையாக உலர்ந்து நார் மாதிரி ஆகும், சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ருசி போய்விடும். சாப்ஸ், பாயா எலும்பு கவரைக் குத்திவிடும், அவற்றுக்கு இரண்டு கவர் போடுங்கள் அல்லது டப்பாவே போடுங்கள். டப்பா என்றால் மேலே இரண்டு செ.மீ. இடம் விட வேண்டும், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். தேதியை மார்க்கரால் குழம்பு ஊற்றும் முன்பே எழுதிவிடுங்கள், ஈரக் கவரில் மை பிடிக்காது.

சுக்கா, தொக்கு, கைமா நன்றாக உறைந்து நன்றாகத் திரும்பி வரும். ஈரல் மணல் மாதிரி ஆகிவிடும். உருளைக்கிழங்கு பஞ்சாகும். தேங்காய் அரைத்த குழம்பு திரிந்த மாதிரி தெரியும், கொதிக்க வைத்துக் கிளறினால் ஓரளவு சேரும்.

எத்தனை நாள்? 4 டிகிரிக்குக் கீழே நிற்கும் ஃப்ரிட்ஜில் மூன்று முதல் நான்கு நாள் என்பது பொது அளவு. நாள் முழுக்கக் கதவு திறந்து மூடும் வீட்டுக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வதே என் கணக்கு. கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மறுநாளே முடித்துவிடுங்கள், லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜுக்குள்ளும் வளரும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் குழம்பு இரண்டு மூன்று மாதம் ருசியோடு இருக்கும்.

ஆனால் உங்கள் ஃப்ரீசர் மைனஸ் 18-ஆ? ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே உள்ள சின்னப் பெட்டி பல நேரம் அந்தக் குளிரைத் தொடாது. கதவில் ஒட்டியிருக்கும் ஐந்து நட்சத்திரம் கரண்ட் செலவுக்கானது, குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐஸ்கிரீமை ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் கரண்டி சுலபமாக இறங்கினால், அந்தப் பெட்டியில் கறியை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரீசருக்குக் கீழே உள்ள பகுதியைச் சோதிக்க, தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 4 டிகிரிக்கு மேல் காட்டினால் குமிழைத் திருப்ப வேண்டும். சமைத்தது மேல்தட்டில், பச்சைக்கறி அடித்தட்டில் ஒரு தாம்பாளத்தின் மேல். கதவில் குழம்பு வைக்கவே கூடாது, ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம் அதுதான்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். கீழ்ப்பகுதி சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். தனிக் கதவு உள்ள ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி என்றால் 24, சின்னப் பெட்டி அவ்வளவு தாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாளுக்காக, ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவையுங்கள். நாணயம் அடியில் போய் உறைந்திருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் எல்லாமே ஒரு தடவை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. கறியைக் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், விஷத்துக்கு வாடை கிடையாது.

உறைந்ததை முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி இளக விடுங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்து, குழம்பு தளதளவென்று கொதிக்கும் வரை, வறுவல் துண்டின் நடுவில் 74 டிகிரி வரும் வரை சுட வையுங்கள். காலையிலும் மாலையிலும் கொதிக்க வைத்து வெளியிலேயே வைக்கும் மீன் குழம்புப் பழக்கத்தைக் கறிக் குழம்புக்குக் கொண்டுவராதீர்கள். மீன் குழம்பில் புளிப்பாவது கொஞ்சம் தடுக்கும், கறிக் குழம்பில் அதுவும் இல்லை.

எவர்சில்வர் டப்பாவில் கவனிக்க வேண்டிய இடம் மூடியின் உள்ளே ஓடும் வெள்ளை வாஷர். ஊசி முனையால் நெம்பி எடுத்தால் பள்ளத்தில் மஞ்சள் எண்ணெய்ப் பிசுக்கு வரிசையாக நிற்கும், கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. ஒவ்வொரு தடவையும் கழற்றிச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். வாஷர் ஒட்டி வைத்த, கழற்ற முடியாத மூடி என்றால் வாங்காதீர்கள். சௌகார்பேட்டை மிண்ட் தெருப் பாத்திரக் கடைகளில் கேட்டால் டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தருவார்கள். நான்கு கிளிப்பையும் பூட்டி, தலைகீழாகப் பிடித்து, இரண்டு நிமிடம் பாருங்கள். மூலையில் ஒரு சொட்டு கசிந்தாலும் வேறு டப்பா கேளுங்கள். வாங்கும்போதே ஒரு வாஷர் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.