பல் இம்பிளான்ட்: ஐந்து வருடம் மென்ற பிறகு

கீழ்த்தாடைக் கடைவாயில் இம்பிளான்ட் (எலும்புக்குள் திருகாணி வைத்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) போட்டு ஐந்து வருடமாகிறது. இங்கே கிளிநொச்சியில் என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது "நோகுமோ?" என்றுதான். விறைப்பூசி போட்ட பிறகு துளைக்கும் அதிர்வு மட்டுமே தெரிந்தது. கன்னம் கொஞ்சம் வீங்கியது, பனடோலோடு அடங்கிவிட்டது. பழைய பல்லைப் பிடுங்கியபோதுதான் கூட நொந்தது.

காத்திருப்புத்தான் பெரிய சோதனை. தாடைக்குள் வைக்கும் டைட்டானியம் திருகாணியை எலும்பு இறுகப் பிடிக்க வழக்கமாக 3 முதல் 6 மாதம் வேண்டும். மேலே பல் மாதிரித் தெரியும் கிரவுன் வருவது அதற்குப் பிறகு. பல் போய்க் கனகாலம் என்றால் எலும்பு தேய்ந்திருக்கும். அதை நிரப்புவதற்கு இன்னும் சில மாதங்கள். கட்டுப்பாடில்லாத நீரிழிவும் புகைத்தலும் எலும்பு பிடிப்பதைக் கெடுக்கும். சீனிப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் என் டொக்டர் திகதியே தரவில்லை. அப்படிப்பட்டவரிடம் போங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்வந்தேன். லீவையும் பஸ் காசையும் செலவில் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூட. அதைக் குடித்து வளர்ந்த எங்களில் பலருக்குப் பல்லில் கபிலத் திட்டுகள் இருக்கும். விளம்பர வெள்ளையில் கிரவுன் செய்தால் அது மட்டும் தனியாகப் பளிச்சிடும். நிறமாதிரியைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றப் பற்களை வெளுப்பாக்கும் எண்ணமிருந்தால் அதை முதலில் முடியுங்கள். கிரவுனின் செராமிக்கை அந்த மருந்து வெளுக்காது.

சாப்பாட்டில் குறையில்லை. பனங்கிழங்கு நார்தான் இடுக்கில் சிக்கி உயிரை வாங்கும். சோற்றில் கல் கடிபட்டால் சொந்தப் பல் போல உடனே உணராது, ஏனென்றால் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கும் மெல்லிய நார் இதற்கு இல்லை. ஒருமுறை கிரவுன் ஆடத் தொடங்கியது, பயந்துபோனேன். உள்ளே சின்னத் திருகுதான் தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டார்கள், சரி.

இதில் சூத்தை வராது. ஆனால் முரசு அழன்றால் நோவே இல்லாமல் சுற்றியுள்ள எலும்பு கரையும். அதனால் இரவில் பல்லிடுக்குப் பிரஷ், இடைக்கிடை எக்ஸ்ரே, இரண்டையும் விடுவதில்லை.

அப்புறம், எந்தக் கம்பனித் திருகாணி, என்ன அளவு என்ற விபரத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். நாளைக்குப் பிள்ளைகளோடு வெளிநாடு போனால் அங்குள்ள டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.