மர்ஃபியின் நீல அட்டைப் புத்தகமும் ‘வந்திருக்க வேண்டும்’ என்ற சிக்கலும்

ரேமண்ட் மர்ஃபி எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1985-இல் முதன்முதலாக வெளியிட்ட ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ நூலின் ஐந்தாம் பதிப்பு, 2019-இல் வந்தது, சில மாதங்களாக என் மேசையில் இருக்கிறது. மொத்தம் 145 பாடங்கள். அவற்றில் நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது 26 முதல் 37 வரையிலான பாடங்களைத்தான். கேன், குட், மஸ்ட், மே, மைட், ஷுட், வுட் என, வினையோடு சேர்ந்து திறன், ஊகம், கட்டாயம் போன்ற பொருள்களைத் தரும் மோடல் துணைவினைகள் அங்கேதான் வருகின்றன.

இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி என்பதே அமைப்பு. விடைகள் இல்லாத பதிப்பும் விற்பனையில் உண்டு என்பதால், ஆசிரியர் துணையின்றிப் படிப்பவர்கள் அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும்.

26-ஆம் பாடம் ஒன்றே போட்ட பணத்துக்குப் போதும் என்பேன். ‘நேற்று எப்படியோ டிக்கெட் எடுக்க முடிந்தது’ என்பதை நம்மில் பலர் ‘ஐ குட் கெட் எ டிக்கெட்’ என்றே எழுதுகிறோம். குட் என்பது முன்பு பொதுவாக இருந்த திறனைச் சொல்வது. ஒரு குறிப்பிட்ட தருணத்தில் முயன்று முடித்த செயலுக்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்டு டு’ வர வேண்டும். எதிர்மறையில் மட்டும் ‘குடன்ட்’ இரண்டுக்கும் பொருந்திவிடும். பள்ளியில் ‘மே ஐ கம் இன், மிஸ்?’ மனப்பாடமானதே தவிர, இந்த வேறுபாடு என் காதில் விழுந்ததே இல்லை.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து ‘சித்தப்பா வந்திருக்க வேண்டும்’ என்றால் அது ஊகம், ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ் கம்’. கல்யாணத்துக்கு வராத அதே சித்தப்பாவைப் பற்றிக் குறைபட்டு ‘வந்திருக்க வேண்டும்’ என்றால் ‘ஷுட் ஹேவ் கம்’. தமிழில் வாக்கியம் ஒன்றே. சூழலும் குரலும்தான் பொருளைப் பிரிக்கின்றன. ‘வந்திருக்கலாம்’ என்பதும் அப்படியே ‘மே ஹேவ் கம்’, ‘குட் ஹேவ் கம்’ என இரண்டாகப் பிரியும். இந்த நான்கையும் மர்ஃபி 27, 28, 29, 33 ஆகிய பாடங்களில் தெளிவாக விளக்கினாலும், அவை அருகருகே நிற்பதில்லை. பல நாட்டவருக்கும் பொதுவாக எழுதப்பட்ட நூலிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. நானே ஒரு தாளில் நான்கையும் எழுதி, 33-ஆம் பாடத்தில் செருகி வைத்திருக்கிறேன்.

‘மஸ்ட்ன்ட்’, ‘நீட்ன்ட்’ இரண்டையும் ஒப்பிடும் 32-ஆம் பாடத்தில் தமிழே கை கொடுக்கிறது. முன்னது ‘வரக் கூடாது’, பின்னது ‘வர வேண்டியதில்லை’; இரண்டுக்கும் பொதுவாக ‘வர வேண்டாம்’ என்று நினைத்துக்கொண்டால்தான் குழப்பம் தொடங்கும்.

குறைகளும் உண்டு. வில், ஷல் இரண்டும் எதிர்காலம் பற்றிய பகுதியில் 21, 22-ஆம் பாடங்களாகப் போய்விட்டதால், மோடல் பகுதியில் தேடுபவர் ஏமாறுவார். பயிற்சிகள் பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்புபவை. ஒரு முழுக் கடிதத்தை எழுதிப் பார்க்கும் பழக்கத்தை அவை தருவதில்லை. விளக்கங்கள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், தொடக்க நிலையில் இருப்பவர்கள் இதே ஆசிரியரின் சிவப்பு அட்டைப் புத்தகமான ‘எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்’ நூலிலிருந்து தொடங்கலாம்.

பழைய புத்தகக் கடையில் வாங்குவதானால், முன்பு வைத்திருந்தவர் வலப்பக்கங்களில் பேனாவால் விடை எழுதித் தள்ளியிருக்கிறாரா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.