கைநடுக்கத்துக்குத் திருகோணமலையிலேயே காட்டலாம்: டவுன் சனல் சென்டர் ஒன்றில் நரம்பியல் டொக்டர்

அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் உப்புவெளியில் அக்கம்பக்கம் எல்லாரும் பார்க்கின்சன், கொழும்புக்குக் கொண்டுபோங்கோ என்றுதான் சொன்னார்கள். முதலில் காட்டிய இடத்திலும் கையைப் பார்த்த உடனேயே பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா குளிசையை எழுதித் தந்துவிட்டார்கள். அதைத் தொடங்குமுன் நரம்பியல் டொக்டரிடம் ஒருமுறை காட்டுவோம் என்று டவுனில் உள்ள இந்தச் சனல் சென்டரில் நம்பர் போட்டோம்.

டொக்டருக்கு முழு மதிப்பெண். ஸ்கேன் துண்டைக் கையில் தந்து அனுப்பிவிடவில்லை. கைகளை மடியில் சும்மா வைக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு நீட்டச் சொன்னார், தண்ணீர்க் கோப்பையைத் தூக்கச் சொன்னார், சுருள் வரைந்து பெயரும் எழுதச் சொன்னார், பெருவிரலும் சுட்டுவிரலும் தட்டத் தட்ட அசைவு சிறுத்துக்கொண்டு போகிறதா என்று கவனித்தார், முழங்கையை மடக்கி நீட்டி இறுக்கம் பார்த்தார், நடக்கவிட்டுக் கை வீசுகிறதா என்று பார்த்தார். படுக்கையிலும் எழும்பி நின்ற பிறகும் பிரஷர் எடுத்தார். மணம் தெரிகிறதா, நித்திரையில் கத்திக் கைகால் அடிப்பதுண்டா, மலச்சிக்கல் உண்டா என்றும் கேட்டார்.

ஏன் இவ்வளவும் என்று கேட்டதற்குச் சலிக்காமல் சொன்னார். நடுக்கம் மட்டும் இருந்தால் பார்க்கின்சன் ஆகாது, அசைவு மெதுவாகியிருக்க வேண்டும், கூடவே இறுக்கமோ ஓய்வில் நடுக்கமோ வேண்டும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். கோப்பை தூக்கும்போதும் எழுதும்போதும் இரண்டு கையும் நடுங்கினால் அது அனேகமாக வேறு வகை நடுக்கம், குடும்பத்தில் பலருக்கு இருக்கும். ஆரம்பத்திலேயே அடிக்கடி விழுவது, கண்ணைக் கீழே இறக்க முடியாமல் போவது, எழும்பினால் பிரஷர் சடாரென்று இறங்குவது எல்லாம் பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறு நோய்களைத் தேடச் சொல்லும் அறிகுறிகள். சாதாரண எம்ஆர்ஐ அந்த மற்றக் காரணங்களைத் தேடத்தான் பெரும்பாலும் உதவும், பார்க்கின்சனை உறுதி செய்ய அது மட்டும் போதாது.

அதற்குப் பிறகுதான் முக்கியமான விஷயம். அம்மாவின் குளிசைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். தலைச்சுற்றுக்கு எழுதிய சின்னாரிசினை மாதக்கணக்காக அம்மா விடாமல் போட்டு வந்திருக்கிறா. அது மூளையில் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுக்குமாம், வயதானவர்களுக்கு அசல் பார்க்கின்சன் போலவே இறுக்கமும் நடுக்கமும் வருமாம், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் சில மனநல மருந்துகளும் இதே வேலையைச் செய்யுமாம். சின்னாரிசினை நிறுத்தச் சொன்னார், லெவோடோபாவை இப்போதைக்குத் தொடங்க வேண்டாம் என்றார். நடுக்கம் குணமாக மாதங்கள் ஆகலாம், அப்படியும் போகாவிட்டால் உள்ளே உண்மையாகவே பார்க்கின்சன் இருந்திருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. இப்போது அம்மாவே கறி வெட்டுகிறா, நடையிலும் நல்ல மாற்றம்.

இடத்தைப் பற்றிச் சொல்வதென்றால் எனக்குக் கோபம்தான். நடக்கத் தடுமாறும் ஆட்களைப் பார்க்கிற அறை மேல்மாடியில், லிப்ட் இல்லை, படியில் பிடிகம்பி ஒரு பக்கம் மட்டும். காத்திருக்கும் இடத்தில் முதியவர்கள் வியர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டொக்டரைக் கீழே ஓர் அறைக்கு மாற்றுவது பெரிய காரியமா?

போகிறவர்கள் தலைச்சுற்று, வாந்திக் குளிசை உட்பட வீட்டில் போடும் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கோ, நடுக்கத்தையும் நடையையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கோ, டொக்டர் சொல்லாமல் நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதேங்கோ.