மன்னிப்பு: கிளாடிஸ் வழியா, கோரி வழியா?

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸும் மகன்கள் பிலிப், திமோத்தி இருவரும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். உடனே ஊரைவிட்டுப் போய்விடாமல் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான ஊழியத்தைத் தொடர்ந்தார். 2005இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. பலர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நெதர்லாந்தின் கோரி டென் பூம் வேறு மாதிரி. யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக நாஜிகளிடம் சிக்கியவர். அவரோடு ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் அடைக்கப்பட்ட அக்கா பெட்ஸி அங்கேயே இறந்தார். 1947இல் மியூனிக்கில் கோரி மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அந்த முகாமின் முன்னாள் காவலர் ஒருவர் வந்து கை நீட்டினார். கோரிக்குக் கை எழவில்லை. தன்னால் முடியவில்லை என்று ஆண்டவரிடம் முறையிட்டு, வெறும் கீழ்ப்படிதலாகக் கையை நீட்டினார். அன்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

கிளாடிஸைப் போல மன்னிக்க முடிந்தவர்கள் பாக்கியவான்கள். ஆனால் காயம் ஆறாதவர்களைச் சபையில் "உடனே மன்னித்துவிடு" என்று நெருக்குகிறோமே, அவர்களுக்கு நான் கோரியைத்தான் காட்டுவேன். ஊழியத்தில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை: கோரியும் போருக்குப் பின் முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்காக இல்லம் நடத்தினார்.