வல்வெட்டித்துறையில் நின்ற செய்நிரலும் வல்கிரிண்டும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் பழைய ஒளிப்படங்களை ஊர்ப்பெயரிட்ட கோப்புறைகளில் சேர்த்துவரும் நாங்கள், அப்பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டுவதற்காகச் சீ மொழியில் எழுதிய சிறு செய்நிரல், பல மாதங்கள் ஒழுங்காக இயங்கிவிட்டு, வல்வெட்டித்துறை என்ற கோப்புறையைச் சேர்த்த அன்று நின்றுபோயிற்று. அதன் பிழையைப் பிடித்துத் தந்த வல்கிரிண்ட் என்னும் இலவசக் கருவியைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

செய்நிரல் நின்ற இடம், பெற்ற நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ என்ற அழைப்பு. அந்த வரியில் தவறேதும் இல்லை. இரண்டு மாலைப் பொழுதுகள் அதையே வாசித்து வீணாக்கினேன். பின்னர் வல்கிரிண்டில் நினைவகப் பிழைகளைத் தேடும் பகுதியான மெம்செக்கின் கீழ் ஓடவிட்டபோது, ஒவ்வொரு பெயருக்கும் கேட்டுப் பெற்ற 32 பைற்றுகளுக்கு அப்பால் எழுதப்படுகிறது என்று அறிவித்து, எழுதிய வரியையும் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிய வரியையும் அது சேர்த்தே காட்டியது. அதிலும் வியப்பு என்னவென்றால், ஒருநாளும் தொல்லை தராத யாழ்ப்பாணம் என்ற பெயருக்கும் அதே அறிக்கை வந்தது.

காரணம் எளிது. எழுத்துகளைப் பைற்றுகளாகச் சேமிக்கும் யூ.ரி.எஃப்.-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு அடிப்படை எழுத்தும், புள்ளியும், துணைக்குறியும் தனித்தனியே 3 பைற்று எடுக்கும். யாழ்ப்பாணத்துக்கு 33, பெயரின் இறுதியைக் காட்டும் ஒரு பைற்று முடிவுக்குறியோடு 34. ஆனால் 64 பிற்று லினக்ஸில் 32 கேட்டால் உண்மையில் 40 பைற்று பயன்படுத்தக் கிடைப்பதால் மீறல் வெளியே தெரியவில்லை. பருத்தித்துறை சரியாக 40இல் அடங்கிவிட்டது. வல்வெட்டித்துறைக்கோ 46 வேண்டும். மிஞ்சிய 6 பைற்றுகள் அடுத்த நினைவகத் துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தின் மேல் எழுதப்பட்டன. அந்த அடுத்த துண்டை விடுவிக்கும் வரை எவருக்கும் அது தெரியாது. குற்றம் ஓரிடத்திலும் சாவு வேறிடத்திலும் நிகழும் இத்தகைய பிழையில், குற்றம் நடந்த கணத்திலேயே குரல் கொடுப்பதுதான் இக்கருவியின் பெருமை.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் பிழையன்று. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லரும் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாறுமாறான உள்ளீட்டைக் கொடுத்துச் சோதித்தபோது, யுனிக்ஸ் இயங்குதளத்தின் பயன்பாட்டுச் செய்நிரல்களில் 25 முதல் 33 விழுக்காடு வரை விழுந்தன. சுட்டிகளையும் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்) அணிகளையும் (ஒரே வகை மதிப்புகளின் வரிசைகள்) எல்லை பாராமல் கையாண்டது முக்கிய காரணங்களுள் ஒன்று.

குறைகளும் உண்டு. மெம்செக்கின் கீழ் செய்நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும். எனது பழைய மடிக்கணினியில் பெரிய கோப்புறையொன்றுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய குறை, ஒரு செயற்கூற்றுக்குள் உள்ளூர் மாறியாக அறிவித்த அணியின் எல்லைமீறலை அது காணாது. அதற்கு, எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜீ.சீ.சீ., கிளாங் ஆகிய தொகுப்பிகளோடு வரும் அட்ரஸ் சானிடைசர் என்ற சோதனைக் கருவியே பொருத்தம். வேகம் ஏறத்தாழ இரு மடங்குதான் குறையும், ஆனால் செய்நிரலை மீண்டும் தொகுத்தாக வேண்டும். தொடக்க மதிப்பிடாத நினைவகத்தை வாசிக்கும் பிழையோ சானிடைசரின் கண்ணுக்குத் தப்பும், மெம்செக் பிடிக்கும். ஆகவே ஒன்றை மட்டும் நம்பும்படி நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

நாங்கள் இப்போது ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் சானிடைசருடனும், நண்பர்களுக்குக் கொடுப்பதற்கு முன் ஓரிரவு மெம்செக்கின் கீழும் ஓடவிடுகிறோம். தொகுக்கும்போது பிழைதிருத்தத் தகவலைச் சேர்க்க மறந்தால் அறிக்கையில் வரி எண் வராது என்பதை மட்டும் புதியவர்கள் கவனிக்க வேண்டும்.