மாதம் ஒரு சொட்டா, மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரையா?

எங்கள் நாய் செவலைக்கு மூக்கில் ரத்தம் வந்த அன்றுதான், உண்ணி என்பது வெறும் அரிப்புச் சங்கதி இல்லை என்று உறைத்தது. பரிசோதனையில் எர்லிக்கியா. உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, அதில் ஒரு வகை. தட்டணுக்கள் சரிந்து, 28 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பிழைத்தாள். அதன்பிறகு இரண்டு வருடத்தில் கடையில் கிடைக்கும் உண்ணி மருந்துகளில் பாதியை அவள்மேல் பார்த்தாகிவிட்டது. இப்போது மாத்திரையில் வந்து நிற்கிறோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

செவலை 17 கிலோ நாட்டு நாய். பாளையங்கோட்டையில் மாமனார் கட்டிய பழைய வீடு, காறை பெயர்ந்த காம்பவுண்டுச் சுவர். பூனை ஒன்றும் உண்டு. செவலையின் வயிற்றில் தலை வைத்துத்தான் தூங்கும். சுவரும் பூனையும்தான் கடைசியில் முடிவெடுத்தன.

வேப்பெண்ணெய், மஞ்சள், நொச்சிப் புகை எல்லாம் பார்த்தோம். மேலே ஊர்கிற ஒன்றிரண்டு விலகும்; காதுக்குள் கடித்துத் தொங்குவது அசையாது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நாய் நக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். மண்ணெண்ணெய் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது அமிட்ராஸ். பால்காரர் யோசனை. "மாட்டுக்கு அடிக்கிற மருந்துதாங்க்கா, நாய்க்கும் அதையே ஊத்துங்க. ரெண்டே நாள்ல கொட்டிரும்." கொட்டத்தான் செய்தது. விலையும் சல்லிசு. ஆனால் தண்ணீரில் கலக்கும் அளவு கூடிப்போனால் நாய் சொக்கி விழும், இதயத் துடிப்பு குறையும், ரத்தச் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயுள்ள நாய்க்கு ஆகாது, பூனைக்கும் ஆகாது. ஒருமுறை என் கைப்பிழையில் செவலை அரைநாள் தலை தூக்காமல் கிடந்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றியதில் எனக்கும் தலை சுற்றியது. இத்தனைக்கும் பிறகு மூன்றாவது வாரம் பழையபடி உண்ணி.

பால்காரர் மாட்டுக்குக் கேட்ட மருந்து எங்களுக்கு ஏன் கேட்கவில்லை? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் மற்ற மருந்துகளையும் எடைபோடத் தெரிந்தது.

மாடுகளைப் பெரும்பாலும் படுத்தும் உண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து முட்டையிட இறங்கும்வரை மூன்று வாரம் போல அதே மாட்டின் மேலேயே இருக்கும். மாட்டை நனைத்தால் கூட்டத்தோடு காலி. நாயுண்ணியின் கதை வேறு. குஞ்சாக ஏறி ரத்தம் குடிக்கும். இறங்கி விரிசலுக்குள் போய்ச் சட்டை உரிக்கும். மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும். வளர்ந்து முடிந்ததும் மூன்றாம் முறை ஏறி, கொட்டைமுத்து மாதிரி உப்பி இறங்கி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உயரம் பார்த்து ஏறுவது அதன் குணம். ஜன்னல் சட்டத்திலும் உத்தரத்திலும் அது ஊர்வது அதனால்தான். நாய்மேல் நாம் பார்ப்பது பந்திக்கு வந்த கூட்டம் மட்டும், குடித்தனம் சுவருக்குள். பசியோடு மாதக்கணக்கில் அங்கே காத்துக் கிடக்கும்.

ஆகவே எது வேகமாகக் கொல்கிறது என்று பார்ப்பதை விட்டேன். எது நடுவில் ஒருநாள்கூட விடாமல் நிற்கிறது என்று பார்த்தேன். சுவரிலிருந்து வருகிற ஒவ்வொன்றும் செவலையைக் கடித்துச் சாக வேண்டும், அவள்தான் பொறி. பொறி ஒரு வாரம் திறந்து கிடந்து, வயிறு நிறைந்த ஒரே ஒரு தாயுண்ணி இறங்கிப் போனாலும் கணக்கு முதலிலிருந்து.

பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து எங்களிடம் தோற்றது இங்கேதான். பழியை முழுக்க மருந்தின்மேல் போட மாட்டேன். அது தோலின் எண்ணெய்ப் பசையில் பரவி நிற்பது. விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளியல் கூடாது. செவலையோ வாய்க்காலைக் கண்டால் யாரையும் கேட்காமல் இறங்குபவள். போதாததற்கு மாதாமாதம் தேதி வேறு தள்ளிப்போகும்: கல்யாணம், காய்ச்சல், "ஞாயித்துக்கிழமை விட்டுக்கலாம்". தெள்ளுப்பூச்சிக்கு நன்றாகவே கேட்டது. உண்ணியில் மூன்றாவது வாரமே தளர்ச்சி தெரிந்தது. விட்ட இடம் காயும்வரை குழந்தைகளையும் பூனையையும் பிரித்து வைப்பது தனி வேலை. மாடி வீட்டில் வளர்கிற, அடிக்கடி நனையாத நாய்க்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, பூனைக்கு அது உயிருக்கே உலை. டெல்டாமெத்ரின் காலர் கடிக்க விடாமல் விரட்டும் என்பார்கள். அதே பூனையை நினைத்து அதையும் நான் போட்டுப் பார்க்கவில்லை.

மாத்திரைக்கு வருகிறேன். நெக்ஸ்கார்டில் இருக்கும் அஃபாக்சோலனரும், சிம்பாரிகாவின் சரோலனரும் மாதம் ஒருமுறை. பிராவெக்டோவின் ஃப்ளூரலனர் 12 வாரம் நிற்கும். மருந்து ரத்தத்தில் ஓடுவதால் வாய்க்காலில் எத்தனை முறை விழுந்தாலும் கவலையில்லை, பூனை மேலே படுத்தாலும் ஒட்டாது. மாதத்துக்கு ஒன்று என்றால் வருடத்தில் பன்னிரண்டு முறை மறக்க வாய்ப்பு. 12 வாரத்துக்கு ஒன்று என்றால் நாலைந்து முறைதான். என் சோம்பேறித்தனத்துக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதுமாக இருந்தது. இரண்டாவது மாத்திரை பாதி போகும்போதே சுவரில் உண்ணி குறைந்தது. காறை பூசி விரிசலை அடைத்ததும் சேர்ந்துதான் அந்தப் பலன், மாத்திரைக்கு மட்டும் மாலை போட முடியாது.

குறை இல்லாமல் இல்லை. இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரித்தது, தடை செய்யவில்லை. எங்கள் டாக்டர் எழுதுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்காம்மா?" என்பதுதான். வந்திருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். 12 வாரம் நிற்பதில் இன்னொரு சிக்கல்: ஒத்துக்கொள்ளாவிட்டால் கழுவி எடுக்க முடியாது. அதனால் முதலில் ஒரு மாத மாத்திரை கொடுத்துப் பார்த்து, ஒரு நாள் லேசாக வயிறு கலங்கியதோடு போனதால் நீண்டதுக்கு மாறினோம். சாப்பாட்டோடுதான் கொடுக்கிறேன்.

கடித்தால்தான் உண்ணி சாகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஏற்கனவே கிருமி சுமக்கும் உண்ணி, சாவதற்குள் அதை உள்ளே இறக்கிவிடலாம். வாய்க்காலுக்குப் போய்வந்தால் காது, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

விலை உறுத்தும். ஒரு மாத்திரை ஆயிரத்தைத் தாண்டும். பெரிய மாத்திரையாக ஒன்று வாங்கி இரண்டு நாய்க்குப் பிய்த்துக் கொடுக்கும் யோசனை எனக்கும் சொல்லப்பட்டது. மருந்து இரண்டு துண்டிலும் சரிசமமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, எடைக்கேற்ற முழு மாத்திரைதான். எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு இதில் எதுவும் வேண்டாம். சீப்பும் விரலும் போதும். மெடிக்கலில் கேட்டு ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிடும் பழக்கமும் ஊரில் இருக்கிறது. கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் கோளாறால் அந்த மருந்து மூளைக்குள் ஏறிவிடும். கலப்பினம் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

செவலை மாத்திரைக்கு மாறி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஐந்தாறு வருடம் தொடர்ந்து கொடுத்தவர்கள் அனுபவம் என்னுடையதைவிடக் கனமானது. அடுத்த மாத்திரைத் தேதியைத் தினசரி காலண்டரில் அந்தந்தத் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறேன், கிழிக்கும்போது கண்ணில் படும். போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தபோது மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தட்டையாக, பசியோடு ஒன்று உட்கார்ந்திருந்தது.